கட்டிலுக்கடியில் நேர்ந்துவிட்ட கோழி

நம் செட்டில் படித்தவர்களுக்கெல்லாம் என் கோப்பைக் கதை மனப்பாடம். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், ரயில் பெட்டியில் சொல்லியிருக்கிறேன், நம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு தடவை எழுதியும் இருக்கிறேன். சிதம்பரத்தில் நடந்த கோ-கோ போட்டியில் கடைசி விசில் வரைக்கும் என்னை ஒருத்தியாலும் தொட முடியவில்லை என்பதுதான் கதை. சிறந்த ஓட்டக்காரி என்று எனக்கென்று தனியாகக் கொடுத்த சின்னக் கோப்பை இன்றும் செம்மண்டலம் வீட்டு ஷோகேசில் இருக்கிறது. முலாம் போய்விட்டது, ஒரு காது ஆடுகிறது, ஆனாலும் நடுத்தட்டில் அதற்குத்தான் இடம்.

போன மாதம் அந்தக் கதையில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை போட்டது கோழிச்செள்ளு. கோழியின் உடம்பிலும் கூடையின் இடுக்கிலும் குடியிருந்து ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி அது. கடுகை நாலாகக் கிள்ளினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். அதை மூடி மறைத்துவிட்டு உங்களிடம் தொடர்ந்து பீற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அப்பாவுக்கு நெல் மண்டியில் மூட்டை எடை போடும் வேலை. நான் ஒரே பெண். மாசி மாதம் பிறந்து வெயில் லேசாகக் கடிக்க ஆரம்பித்திருந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு செவலைப் பெட்டைக் கோழியை அதன் கூடையோடு கொண்டுவந்து இறக்கினார்.

“அக்கா, இது அடைக்கு உக்கார நேரம். முட்டைய வச்சா பொரிச்சிக் குடுக்கும். கூடைய மட்டும் மாத்திடாத. பழகுன கூடை.”

பழகின கூடைதான். அதில் கோழி மட்டுமா பழகியிருந்தது? மூங்கில் பிளாச்சில் முடைந்து, சாணி மெழுகி, அடியில் தவிடும் வைக்கோலும் போட்ட கூடை. பக்கத்தில் குனிந்தால் ஒரு வெதுவெதுப்பான வாடை வரும், பழைய தலையணையும் கோழி எச்சமும் கலந்த வாடை. எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினோரு முட்டை வைத்தாள் அம்மா. வாசலில் வைத்தால் பூனை, கொல்லையில் வைத்தால் பெருச்சாளி. அதனால் உள் அறையில் என் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் கூடை போய்ச் சேர்ந்தது. நான் படுத்துக்கொண்டு கயிற்று இடைவெளியில் விரலை விட்டால் கோழி ‘க்ர்ர்’ என்று திட்டும். நல்ல சிநேகமாக இருந்தோம்.

அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டிரில் டீச்சர் வந்தார். கழுத்தில் விசில், லேடீஸ் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது மட்டும் பட்டுப் புடவை. கோ-கோ டீமில் என்னைச் சேர்த்தார். எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருக்க ஒருத்தி துரத்துவாள், கை பட்டுவிட்டால் அவுட், கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். நம்மில் பாதிப் பேர் ஆடியிருப்பீர்கள். மாசிக் கடைசியில் சிதம்பரத்தில் மேட்ச். அப்பா அம்மா இல்லாமல், டீமோடு, ரயிலில் போகப்போகிறேன். கனவில்கூடக் கொள்ளிடம் ஆறு வரைக்கும் போய்விட்டு, ஸ்டேஷனைத் தாண்டிவிட்டோமே என்று திரும்பி வந்தேன். அந்த வயதில் எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

கோழி அடைக்கு உட்கார்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் எழுந்தால் இடுப்பில் பாவாடை நாடா இறுகுகிற இடத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. மறுநாள் கழுத்தில், அக்குளில். ஒரே அரிப்பு. எதிர்வீட்டு அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் குடத்தைக்கூட இறக்காமல் என்னைப் பார்த்தார்.

“இன்னாடி இது, நெருப்புப் பொறியாட்டம்? அண்ணி, அம்மா வந்திருக்கா உங்க வூட்டுக்கு. வேப்பெல சொருவுங்க மொதல்ல.”

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, எனக்குத் தலைசீவல் இல்லை. மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழும் இளநீரும். அப்பா வாசலிலேயே கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். புள்ளி அடங்கி மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் நான் வாசற்படி தாண்டக்கூடாது. ஒவ்வொரு தண்ணீருக்கும் நடுவில் நாள் விட வேண்டும். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் சிதம்பரம் போய்விட்டது. கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன்.

அம்மா ஈரத்துணியோடு மாரியம்மன் கோயில் திசையைப் பார்த்து நின்று வேண்டிக்கொண்டாள். “தாயே, எம் பொண்ண நல்லபடியா எழுப்பி வுட்டுடு. வூட்ல இருக்கற கோழிய உனக்கே வுட்டுடறன்.” வீட்டில் இருந்தது ஒரே கோழிதான். நம் ஊரில் நேர்ந்துவிட்ட கோழி என்றால் அதற்குத் தனி மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது, அசிங்கமான இடத்தில் வைக்கக்கூடாது. அம்மா கூடைக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து என் தலைமாட்டில், ஒரு முக்காலியின் மேல் ஏற்றி வைத்தாள்.

அன்றிலிருந்து அரிப்பு இரண்டு மடங்கு. முகத்தில், காது மடலில்கூட வந்துவிட்டது. பிள்ளைக்கு ஜாஸ்தியாகிறதே, ஆத்தாளுக்கு என்ன குறை வைத்தோம் என்று அம்மா பயந்துபோய்க் கூடையைத் தலையணைக்கு இன்னும் ஒரு சாண் பக்கத்தில் நகர்த்தினாள். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கோழிக்கும் சரியில்லை. ரத்தச் சிவப்பாக இருந்த கொண்டை நாலைந்து நாளில் வெளுத்து, சோகை பிடித்தவள் உதடு மாதிரி ஆகிவிட்டது. அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்திருக்காது. இது அடிக்கடி எழுந்து நின்று, சிறகை உதறி, அலகால் நெஞ்சைக் குடைந்துகொண்டது. தீனியும் சரியாக எடுக்கவில்லை. எதிர்வீட்டு அத்தை அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

“நேந்துவுட்டது இல்ல? விரதம் இருக்குது அண்ணி.”

அம்மா கோழிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மேட்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது டிரில் டீச்சர் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் வேப்பிலையைப் பார்த்தும் நிற்கவில்லை. பிற்பாடு அவரே சொன்னார், பெண் பிள்ளை அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடுவது பிடிக்காமல் அம்மா அம்மை என்று சாக்குச் சொல்வதாக நினைத்தாராம். விறுவிறுவென்று உள்ளே வந்து, என் கட்டிலிலேயே உட்கார்ந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காய்ச்சல் அடிச்சுதாம்மா?”

“இல்ல டீச்சர்.”

“கொப்புளத்துல தண்ணி கோத்துக்குச்சா?”

“இல்ல டீச்சர், அரிக்குது, அவ்ளோதான்.”

அம்மாவுக்கு ஆத்திரம். “டீச்சர், அம்மா இருக்கற எடத்துல இப்டிலாம் உக்காரக் கூடாது. நீங்க போயிட்டு வாங்க.” அவரும் எழுந்து போய்விட்டார். கடைசி நம்பிக்கை சைக்கிள் மணி அடித்துக்கொண்டு தெருமுனை திரும்பியது.

மறுநாள் மதியம் அதே மணி. இந்தத் தடவை கையில் ஒரு வெள்ளை டிராயிங் பேப்பர்.

“நேத்து உங்க வூட்டுக் கட்டில்ல பத்து நிமிஷம்தான் உக்காந்தேன். இன்னிக்கி பிரேயர்ல ஆயிரம் புள்ளைங்க பாக்க நான் சொறிஞ்சிக்கிட்டு நின்னேன். எனக்கு அம்மை போட்டு ரொம்ப நாளாச்சு, திரும்ப வராது. எங்க வூட்ல ஆறு லெகான் கோழி இருக்குது. இந்த அரிப்பு எனக்குத் தெரியும்மா.”

“அம்மனுக்கு நேந்த கோழி. அதத் தொடாதீங்க.”

“தொடல. கட்டில் காலத் தட்டிக்கலாமா?”

கட்டிலுக்கு அம்மை சட்டம் எதுவும் கிடையாது. அம்மா ஒதுங்கி வழி விட்டாள். டீச்சர் பேப்பரைத் தரையில் விரித்து, கட்டில் காலும் சட்டமும் சேருகிற பொருத்தை விசில் அடிப்பாகத்தால் ‘டக் டக்’ என்று தட்டினார். சாம்பல் மாதிரி கொஞ்சம் தூசி விழுந்தது. பிறகு அந்தத் தூசி நடந்தது. நாலா பக்கமும், அவசர அவசரமாக, பேப்பர் ஓரத்தை நோக்கி. டீச்சர் கட்டை விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பேப்பரில் குங்குமக் கோடு மாதிரி ரத்தம்.

“இதுல பாதி உங்க பொண்ணு ரத்தம், பாதி கோழி ரத்தம். பகல்ல இடுக்குல பதுங்கிக்கும், ராத்திரி வந்து குடிக்கும். கோழி விரதம் இருக்கலம்மா, செத்துக்கிட்டு இருக்குது.”

அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சின்ன வயதில் வந்த பெரியம்மையின் தழும்பு உண்டு. மூக்கிலும் கன்னத்திலும் குழிகுழியாக இருக்கும். அதே காய்ச்சலில்தான் அவளுடைய அக்காள் போனாளாம். என்னைப் பார்த்த அந்த நிமிஷமே அம்மை என்று அவள் நடுங்கியதற்குக் காரணம் எனக்கு அன்று தெரியாது. படிக்காதவள், எது சொன்னாலும் நம்புகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்று வருத்தப்படுகிறேன்.

அதற்குள் அப்பா சாப்பாட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அட இவ்ளோதானா? மண்டில நெல்லுக்குத் தூவற பூச்சிப்பொடி மூட்ட மூட்டயா கெடக்குது. கோழிக்கு ஒரு கை, பாப்பா கட்டில்ல ஒரு கை போட்டா தீந்துச்சி.”

“சார், செள்ளும் தீரும், கோழியும் தீரும். உங்க பொண்ணு மூச்சுல போனா அப்பறம் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். அதக் கொண்டுவராதீங்க” என்றார் டீச்சர். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்பது போல உட்கார்ந்துகொண்டார்.

பிறகு நடந்தது ஒரு திருவிழா. கட்டிலைத் தூக்கி வெயிலில் போட்டு, கயிற்றை உருவி எரித்து, பொருத்துக்குப் பொருத்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார்கள். பாய், தலையணை உறை, என் பாவாடை எல்லாம் துணி வேகவைக்கிற அண்டாவுக்குள் போயின. மாமாவின் பழகுன கூடை கொல்லையில் படபடவென்று வெடித்து எரிந்தது. சுவர் வெடிப்பை எல்லாம் அப்பா சுண்ணாம்பு வைத்து அடைத்தார். பொடி போட முடியாத கோபமோ என்னவோ, அடைக்க வேண்டாத இடத்தையும் அடைத்தார். கோழிக்கு அம்மாவே வேப்பெண்ணெய் தொட்டு, சிறகுக்கு அடியிலும் வாலடியிலும் தடவிவிட்டாள். அடுப்புச் சாம்பலும் மணலும் கொட்டிப் பள்ளம் பறித்து விட்டதும் அது விழுந்து புரண்ட புரளலைப் பார்க்க வேண்டுமே! புது முறத்தில் முட்டையை வைத்ததும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. முட்டை முழுக்க ஆறிப்போவதற்குள் பிடித்துவிட்டோம். பதினொன்றில் நாலு பொரிந்தது.

“ஒரு வாரம் கழிச்சி மறுபடி வெந்நி ஊத்துங்க. அதுக்குள்ள செள்ளோட முட்டை பொரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார். “அப்ப நாளைக்கழிச்சி பாப்பா சிதம்பரம்…”

“மூணு தண்ணி ஊத்தாம எப்டி அனுப்புவேன்?”

“அம்மா, இது அம்மை இல்லன்னு இப்பதான…”

“அது செள்ளுதான் டீச்சர், ஒத்துக்கறன். ஆனா ஆத்தா பேரச் சொல்லி வேப்பெல கட்டிட்டன். வந்தாளோ வரலியோ, கூப்ட்டது நானு. மரியாதையா அனுப்பி வைக்காம இருக்க முடியாது.”

கடைசியில் டீச்சர்தான் கேட்டார்: “மூணு தண்ணியையும் ஒரே நாள்ல ஊத்தக் கூடாதுன்னு எங்கியாவது இருக்குதாம்மா?”

எங்கேயும் இல்லை போலிருக்கிறது. மறுநாள் காலையில் ஒரு தண்ணீர், உச்சியில் ஒரு தண்ணீர், விளக்கு வைப்பதற்கு முன் ஒரு தண்ணீர். மூன்று தடவையும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். கடைசித் தண்ணீருக்குப் பிறகு நான் ஊறுகாய்க்குத் தயாரான மாங்காய் மாதிரி இருந்தேன்.

இன்னொரு நிபந்தனையும் போட்டாள். இடுப்பில் ஒரு வேப்பிலைக் கொத்து இருக்க வேண்டும். ஓடும்போது விழுந்துவிடும் என்றார் டீச்சர். “ஊக்கு குத்தி அனுப்பறன்” என்றாள் அம்மா. டிராயர் பெல்ட்டில் இரண்டு ஊக்கு போட்டுக் குத்தி அனுப்பினாள்.

சிதம்பரத்தில் நான் எப்படி ஓடினேன் என்பது உங்களுக்குத் தெரியும். மஞ்சள் பூத்த கையும் காலும், அதன்மேல் அடங்காத சிவப்புப் புள்ளிகளும், பெல்ட்டில் ஆடும் வேப்பிலையுமாக இறங்கினேன். எதிர் டீமில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி, நல்ல நீளக் கை, என் முதுகுக்கு ஒரு விரற்கடை வரைக்கும் வந்துவிட்டாள். கடைசி நொடியில் நான் ஒரு வெட்டு வெட்டித் தப்பினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. விசில் ஊதியதும் டிரில் டீச்சர் என்னைத் தூக்கிச் சுற்றினார். கோப்பையை அம்மா மடியில் வைத்தபோது, “ஆத்தா காப்பாத்திட்டா” என்று சொல்லிவிட்டு எனக்குத் தட்டு எடுத்துவைக்கப் போனாள். எனக்குப் பயங்கரக் கோபம். ஓடியது நான், பெயர் ஆத்தாளுக்கா?

கோழியை, குஞ்சுகள் பிரிந்த பிறகு, சொன்ன சொல் தவறாமல் கோயிலில் கொண்டுபோய் உயிரோடு விட்டாள். கொண்டை மறுபடி சிவந்திருந்தது.

இனி போன மாதம். என் மருமகள் மாடியில் கோழி வளர்க்கிறாள். மரக்கூண்டு, தானாகத் தண்ணீர் வருகிற குழாய், எல்லாம் வீடியோ பார்த்து வாங்கியவை. எனக்குக் கழுத்தில் அரிப்பு. தோல் டாக்டர் சிரங்கு என்று களிம்பு எழுதிக்கொடுத்தார், வீடே பூசிக்கொண்டு வழுக்கியது. எனக்கே சந்தேகம் வரவில்லை என்றால் பாருங்கள், மூளை அவ்வளவு கூர்மை. சம்பந்தியம்மா, மருமகளின் அம்மா, சிதம்பரத்திலிருந்து வந்து மாடி அறையில் தங்கினார். மறுநாள் காலை அவர் இடுப்பில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

வெள்ளைப் பேப்பர் விரித்துக் கூண்டுச் சட்டத்தைத் தட்டினேன். தூசி நடந்தது. மருமகள் அலறிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அளவு சொல்லி ஒரு மருந்து கொடுத்து, கூண்டு இடுக்கில் அடிக்கச் சொல்லி, மருந்து அடிக்கிற நாட்களில் முட்டை சாப்பிடாதீர்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள் என்று அனுப்பினார்களாம். அதே ஒரு வாரம்! நானும் சம்பந்தியம்மாவும் மாடியில் குந்திக்கொண்டு கூண்டைத் தேய்த்தோம். தேய்க்கும்போது வழக்கம்போல நான் கோப்பைக் கதையை எடுத்தேன். கோழி, வேப்பிலை, மூன்று தண்ணீர், எல்லாம் சேர்த்து முதல்முறையாக முழுசாகச் சொன்னேன்.

அவர் பிரஷைக் கீழே வைத்தார்.

“சம்பந்திம்மா, ஒன்னு சொல்றன், கோவிச்சிக்கக் கூடாது. அந்த ரெட்டப் பின்னல் நான்தான்.”

நான் அவர் கையின் நீளத்தைப் பார்த்தேன்.

“ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எங்க டீச்சர் சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு இடுப்புல வேப்பெல பாருங்கடி, ஒடம்புல புள்ளி பாருங்கடி, தொட்டீங்கன்னா உங்களுக்கும் வந்துரும்னு. நான் மூணு தடவ கைய நீட்டுனேன். மூணு தடவயும் பயந்து இழுத்துக்கிட்டன். நீங்க ஒன்னும் வெட்டித் தப்பிக்கல.”

“நாலு வருஷமா சம்பந்தியா இருக்கோம். இத ஏன் சொல்லல?”

“பொண்ணு குடுத்தவ நானு. மாப்ள வூட்டு ஷோகேஸ்ல இருக்கற கோப்பைய வந்து கொற சொல்லுவாங்களா?”

எனக்குக் கோபம்தான் வந்தது முதலில். நாற்பத்தெட்டு வருடப் பெருமை ஆயிற்றே! பிறகு இரண்டு ஊக்கு ஞாபகம் வந்தது. விழுந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா குத்திய ஊக்கு. ஆத்தா காப்பாத்திட்டா என்று அவள் சொன்னது அப்படியே உண்மை. நான் சிரித்தேன். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் கோப்பையை அவள் மடியில் மறுபடி வைத்திருப்பேன்.

சம்பந்தியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எட்டி, என் முதுகில் உள்ளங்கை முழுதும் படும்படி பளாரென்று ஒன்று வைத்தார்.

“அவுட்!”

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஆட்ட விதிப்படி கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.